கான்கிரீட் சுவரை உடைத்து 400 மீட்டர் ஆற்றை மீட்கலாம் என்கிறார்கள், எங்கே தொடங்குவது?

கரையோரம்:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் ஒரு ஆறு போகிறது. புதிதாக வருகிறவர்கள் அதை வாய்க்கால் என்றுதான் நினைப்பார்கள். இரண்டு பக்கமும் 3 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தான கான்கிரீட் சுவர், அடியிலும் கான்கிரீட், மழை இல்லாத நாட்களில் 12 மீட்டர் அகலத்துக்கும் மெல்லிசாகப் பரவி நிற்கிற கணுக்கால் அளவுத் தண்ணீர். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது இதே இடத்தில் ஆள் நிலைகொள்ளாத ஒரு மடு இருந்ததாம், பள்ளி விட்டதும் அதில் குதித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்களாம். பிறகு ஒரு பெரிய வெள்ளம் வந்தது, ஆற்றை நேராக்கிச் சுவர் எழுப்பிவிட்டார்கள்.

அந்தச் சுவர் இப்போது பல இடங்களில் வெடித்து, அடியில் மண் அரித்துப்போய்த் தொங்குகிறது. எப்படியும் திரும்பக் கட்டியாக வேண்டும். எங்கள் பக்கக் கரையில் 400 மீட்டர் நீளத்துக்கு, 25 மீட்டர் அகலத்தில் பொது நிலம் காலியாகக் கிடக்கிறது. அதனால் நாங்கள் சிலர் போய், திரும்பவும் சுவர் வேண்டாம், இந்தத் துண்டையாவது இயற்கையாக விடலாமே என்று கேட்டோம். மறுப்பார்கள் என்று நினைத்துத்தான் போனோம். திட்டம் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம்தான் குழப்பம் தொடங்கியது. எங்களில் ஒருவருக்குத் தெரிந்த வடிவமைப்பாளர் ஒரு படம் வரைந்து கொடுத்தார். சரிவாகக் கல் பதித்த கரை, மேலே புல்தரை, நடைபாதை, விளக்குகள், தண்ணீர் எப்போதும் நிறைந்து தெரிய வேண்டும் என்பதற்காகக் கீழ்முனையில் ஒரு சின்னத் தடுப்பணை. எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. எனக்கு மட்டும் ஏதோ உறுத்துகிறது, ஆனால் என்ன தவறு என்று வாதாடத் தெரியவில்லை. இந்தப் படத்தில் ஆறு எங்கே இருக்கிறது? உண்மையாகவே ஆறு திரும்ப வேண்டும் என்றால் முதலில் எதைச் செய்ய வேண்டும்? செய்தவர்கள், தோற்றவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

——

நீர்வழி:

பல வருடங்களாக வெள்ள வடிகால், ஆற்றுக்கரை வேலைகளில் இருக்கிறேன். உங்கள் உறுத்தல் சரியானதுதான். அந்தப் படத்தில் இருப்பது ஒரு பூங்கா, அதன் நடுவே ஒரு தொட்டி.

முதலில் அந்தத் தடுப்பணையை எடுத்துவிடுங்கள். நகர ஆற்றில் தண்ணீரைத் தேக்கினால் அழகாகத் தெரிவது கொஞ்ச நாள்தான். ஓட்டம் நின்றதும் மேலிருந்து வரும் வண்டலும் குப்பையும் அங்கேயே படியும், தண்ணீர் சூடாகும், பாசி பிடிக்கும், அடியில் ஆக்சிஜன் இல்லாமல் அழுகி நாற்றம் வரும், கொசுவும் சேரும். ஜெர்மனியில் மியூனிக் நகரத்துக்குள் ஓடும் இசார் ஆற்றை 2000 முதல் 2011 வரை 8 கிலோமீட்டர் நீளத்துக்கு மீட்டார்கள். அங்கே செய்த முக்கியமான வேலைகளில் ஒன்றே இதற்கு நேர் எதிரானது, குறுக்கே இருந்த படிக்கட்டுப் போன்ற தடுப்புகளை உடைத்து, மீன் ஏறிப் போகிற மாதிரி பாறைச் சரிவுகளாக மாற்றினார்கள். ஒரு அடி உயரத் தடுப்பு நமக்கு ஒன்றுமில்லை, ஒரு சின்ன மீனுக்கு அது மலை.

இரண்டாவது, வடிவத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றி யோசியுங்கள். இந்த ஆறு ஏன் இப்படி ஆனது? சுவர் கட்டியதால் மட்டும் இல்லை. மேலே இருக்கிற கூரை, சாலை, வாகன நிறுத்தம் எல்லாம் மழையை உறிஞ்சாமல் குழாய் வழியாக நேரே ஆற்றில் கொட்டுகின்றன. முன்பு மண்ணில் இறங்கி நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெதுவாகக் கசிந்து வந்த தண்ணீர் இப்போது ஒரு மணி நேரத்தில் மொத்தமாக வந்து போய்விடுகிறது. அதனால்தான் மழை பெய்தால் ஆறு சீறுகிறது, மழை நின்றால் வற்றிக் கிடக்கிறது. இரண்டும் ஒரே நோய்தான். சுவரை மட்டும் உடைத்துவிட்டு இந்தத் தண்ணீரை அப்படியே விட்டால், நீங்கள் நட்டதெல்லாம் முதல் பெருக்கில் போய்விடும்.

மூன்றாவது, இடம். உங்களிடம் 25 மீட்டர் இருக்கிறது என்பதுதான் நீங்கள் எழுதியதிலேயே நல்ல செய்தி. புல்தரைக்கும் நடைபாதைக்கும் அதை முழுக்கச் செலவு செய்துவிடாதீர்கள். அந்த நிலத்தை வெட்டித் தாழ்த்துங்கள். நடுவே மழையில்லாத காலத்துத் தண்ணீருக்கு ஒடுங்கலான, நெளிந்து போகிற ஒரு ஓடுகால், ஐந்தாறு மீட்டர் அகலம் போதும். பக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் உயரமாக ஒரு அகன்ற படுகை. வருடத்தில் சில தடவை ஆறு அந்தப் படுகையில் ஏறிப் பரவி, வேகம் தணிந்து, வண்டலைப் போட்டுவிட்டு இறங்கும். 12 மீட்டருக்குப் பரவி நிற்கிற உங்கள் கணுக்கால் தண்ணீர் ஐந்து மீட்டருக்குள் வந்தாலே ஆழமும் ஓட்டமும் வந்துவிடும், புதிதாக ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே.

சிங்கப்பூரில் பிஷான் பூங்காவில் காலாங் ஆற்றை இப்படித்தான் செய்தார்கள். 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயை உடைத்து 3.2 கிலோமீட்டர் நெளியும் ஆறாக்கினார்கள், 2012-ல் திறந்தார்கள். முன்பு 17 முதல் 24 மீட்டர் வரை அகலமாக இருந்த கால்வாய்க்கு இப்போது பெருக்கு வந்தால் ஏறக்குறைய 100 மீட்டர் வரை பரவ இடம் இருக்கிறது. மற்ற நாட்களில் அதே இடத்தில் ஜனங்கள் நடக்கிறார்கள், விளையாடுகிறார்கள். உடைத்த கான்கிரீட்டைக்கூட வீணாக்காமல் பூங்காவுக்குள்ளேயே ஒரு மேடாகக் குவித்துவிட்டார்கள்.

——

கீழ்வீடு:

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். இப்படி ஒரு ஆற்றின் கீழ்ப்பக்கம் வசிக்கிறவன் நான். ஒரு இரவில் இடுப்பளவு தண்ணீர் வீட்டுக்குள் வந்து, அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறியிருக்கிறேன். அதற்குப் பிறகு மழைச் சத்தம் கேட்டாலே அம்மா தூங்குவதில்லை.

அந்தச் சுவரை யாரோ முட்டாள்தனமாகக் கட்டவில்லை. வெள்ளத்தைச் சீக்கிரம் வெளியேற்றத்தான் கட்டினார்கள். நீங்கள் அதை உடைத்து, செடியும் கல்லும் வளைவும் வைத்தால் தண்ணீர் தேங்கும், தேங்கினால் மட்டம் உயரும், உயர்ந்தால் அது யார் வீட்டுக்குள் போகும்? நடைபயிற்சிக்கு வருகிறவர்கள் யாரும் அந்த இரவில் அங்கே இருக்க மாட்டார்கள். கூட்டம் போட்டு முடிவு எடுக்கும்போது கரையின் தாழ்ந்த பக்கத்தில் இருப்பவர்களை முதலில் கூப்பிட்டீர்களா என்று கேட்கிறேன். கோபத்தில் எழுதவில்லை, ஆனால் பயம் உண்மையானது.

——

நீர்வழி:

நண்பரே, உங்கள் பயம் கணக்குப்படியும் சரிதான். கணக்கையே சொல்கிறேன், கரையோரமும் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஆற்றில் தண்ணீர் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை மேனிங் சமன்பாடு வைத்துப் பார்ப்போம். அதில் படுகையின் சொரசொரப்புக்கு ஒரு எண் உண்டு. வழவழப்பான கான்கிரீட்டுக்கு ஏறக்குறைய 0.015, செடியும் கல்லும் உள்ள இயற்கையான ஆற்றுக்கு 0.035 முதல் 0.05 வரை, புதர் அடர்ந்தால் இன்னும் அதிகம். 0.04 என்று வைத்துக்கொண்டால் அதே சரிவில், அதே ஆழத்தில் தண்ணீரின் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். வேகம் குறைந்தால் அதே அளவு வெள்ளம் போவதற்கு இரண்டரை மடங்குக்கும் மேல் வாய், அதாவது தண்ணீர் போகும் குறுக்குப் பரப்பு, வேண்டும். அகலம் கொடுக்காமல் சுவரை மட்டும் உடைத்துச் செடி வைத்தால் கீழ்வீடு சொன்னதுதான் நடக்கும், சந்தேகமே இல்லை.

இப்போது இருக்கும் வாய் 12 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம், ஆக 36 சதுர மீட்டர். 25 மீட்டர் நிலத்தை 2 மீட்டர் தாழ்த்தினால், வெளிக்கரைச் சரிவுக்கு ஒன்றுக்கு மூன்று என்று 6 மீட்டர் போக, கூடுதலாக ஒரு 44 சதுர மீட்டர் கிடைக்கும். மொத்தம் 80. இரண்டு மடங்குக்குச் சற்று மேல். படுகை மேல் ஓடும் தண்ணீர் ஆழம் குறைவு என்பதால் அங்கே வேகம் இன்னும் குறையும், அதனால் இது இழுத்துப் பிடித்துத்தான் வரும், வராமலும் போகலாம். ஆகவே எதிர்க்கரைச் சுவரை இடித்துவிடாதீர்கள், பழுது பார்த்து அப்படியே வைத்திருங்கள். படுகையில் வளைந்து கொடுக்கிற கோரை, நாணல் வகைகளை வையுங்கள், வெள்ளத்தில் படுத்துக்கொண்டு வழிவிடும். விறைப்பாக நிற்கிற மரங்களை மேல்கரைக்கு நகர்த்துங்கள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு வெள்ளம் எந்த மட்டம் வரை ஏறும் என்று கணக்கிடும் ஹெக்-ராஸ் மென்பொருளில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை வெளியிடுவது, இலவசமாகக் கிடைக்கிறது, தெரிந்த பொறியாளர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். உங்கள் 400 மீட்டருக்குள் மட்டும் ஓட்டினால் போதாது, மேலும் கீழும் உள்ள பாலங்களையும் சேர்த்து ஓட்ட வேண்டும். பல நேரம் வெள்ளம் நிற்பது ஒடுங்கலான பாலத்தின் கண்ணில்தான், பழி விழுவது செடியின் மேல்.

இன்னொன்று. கான்கிரீட் வெள்ளத்தை அழிக்கவில்லை, சீக்கிரமாகக் கீழே இருப்பவரிடம் அனுப்பியது. 1938 வெள்ளத்துக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் ஆற்றின் பெரும்பகுதிக்குக் கான்கிரீட் கரையும் தளமும் போட்டார்கள், 80 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஆறு அது. இன்று அதைத் திரும்ப மீட்கலாம் என்றால் இரண்டு பக்கமும் நகரம் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, பரவ இடம் கிடைப்பதே பெரும்பாடு. இடம் இருக்கும்போதே அதை ஆற்றுக்காகப் பிடித்து வைப்பதுதான் கீழ்வீட்டுக்காரருக்கும் நாளைக்குப் பாதுகாப்பு.

——

மறுநடவு:

நான் தோற்றவர்களில் ஒருவன், அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் ஒரு 150 மீட்டர் கரையில் வேலை செய்தோம். நிறைய ஆர்வம், நிறைய கைகள், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆயிரத்துக்கு மேல் செடி நட்டோம். படம் எடுத்தோம், செய்தியில் வந்தது. ஏழாவது வாரம் நல்ல மழை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பாதிக் கரையே இல்லை, செடியோடு மண்ணும் போயிருந்தது. மீதி இருந்த செடிகள் அடுத்த சில மாதங்களில் ஒவ்வொன்றாகக் கருகின. ஏன் என்று தெரியாமல் திரும்ப நட்டோம், திரும்பக் கருகின. கடைசியில்தான் கண்டுபிடித்தோம், கரைக்குள்ளேயே ஒரு உடைந்த கழிவுநீர்க் குழாய் கசிந்துகொண்டிருந்தது.

இதிலிருந்து நான் படித்ததைச் சொல்கிறேன். தோண்டுவதற்கு முன்னால் தரைக்கு அடியில் என்ன போகிறது என்று பாருங்கள். கழிவுநீர் பள்ளம் பார்த்துத்தான் ஓடும் என்பதால் பெரிய கழிவுநீர்க் குழாய்களை ஆற்றங்கரை ஓரமாகவேதான் போட்டிருப்பார்கள். பழைய வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம், மூடிகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆற்றின் அடியில் படிந்த சேற்றையும் சோதனைக்கு அனுப்புங்கள், ஈயம், காட்மியம், குரோமியம் மாதிரி உலோகங்கள் வருடக்கணக்காக அதில்தான் தங்கியிருக்கும். தெரியாமல் கிளறிக் கரைமேல் பரப்பினால் குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் விஷத்தைப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

அப்புறம், கழிவுநீர் கலக்கிறதா என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. மழையே இல்லாமல் மூன்று நாள் போகட்டும். நான்காம் நாள் ஆற்றோரமாக நடந்துபோய் ஒவ்வொரு மழைநீர்க் குழாயின் வாயையும் பாருங்கள். மழைநீர்க் குழாய் காய்ந்து கிடக்க வேண்டும். அதில் தண்ணீர் வந்தால் எங்கேயோ ஒரு வீடோ கடையோ தவறாக இணைத்திருக்கிறது, அல்லது குடிநீர்க் குழாய் உடைந்திருக்கிறது. சந்தேகமான வாயில் வெளுக்காத, துவைக்காத சுத்தமான பஞ்சைச் சின்ன வலைப்பையில் கட்டி ஒரு வாரம் தொங்கவிடுங்கள். எடுத்துக் காயவைத்து இருட்டில் புற ஊதா விளக்கில் காட்டினால், சலவைத்தூள் கலந்த தண்ணீர் என்றால் பஞ்சு நீலமாக ஒளிரும். ஒரு தாளில் வரைபடம் போட்டு, எந்த வாயில் எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று குறித்துக்கொண்டு போய்க் கொடுங்கள். நாங்கள் வெறும் வாயால் பேசியவரைக்கும் ஒரு அலுவலகமும் அசையவில்லை, வரைபடம் கொடுத்த பிறகு குழாய் அடைபட்டது.

நடவு என்று வரும்போது, கரையின் காலில்தான் உயிர் இருக்கிறது. தண்ணீர் வந்து இடிக்கிற அடிப்பகுதியில் தென்னை நார் உருளைகளை முளையடித்துப் பதித்து, அதற்குள் நாணலும் கோரையும் வையுங்கள். நார் சில வருடங்களில் மட்கிவிடும், அதற்குள் வேர் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். அதற்கு மேலே போத்து வைத்தாலே வேர்விடுகிற மரங்களின் கிளைகளை வெட்டி ஈர மண்ணில் ஆழமாகச் சொருகுங்கள், முக்கால்வாசி மண்ணுக்குள் இருக்க வேண்டும். பெருமழைக் காலம் முடிந்த கையோடு நடுங்கள், அடுத்த பெருக்கு வருவதற்குள் எத்தனை மாதம் கிடைக்கிறதோ அத்தனையும் வேருக்கு லாபம். மொத்த நீளத்திலும் ஒரே முறையில் நடவே கூடாது. சிங்கப்பூரில்கூட முதலில் ஒரு பக்கக் கால்வாயில் 60 மீட்டர் மட்டும் எடுத்துப் பத்து விதமான முறைகளைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏழு முறைகளை ஆற்றுக்குக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய நிர்வாகமே சோதித்துப் பார்த்தபோது நாங்கள் ஒரே நாளில் ஆயிரம் நட்டிருக்கக் கூடாது.

——

தட்டான்:

தண்ணீர்ப் பூச்சிகளைப் பார்த்துக் கணக்கெடுப்பது என் வேலை, அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

ஆறு உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டும் என்றால் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். சிவப்பாக நெளிகிற புழுக்கள் மட்டும் இருந்தால் ஆக்சிஜன் போதவில்லை என்று அர்த்தம், இரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அவற்றுக்கு இருப்பதால்தான் அங்கே பிழைத்திருக்கின்றன. தட்டானின் இளம்பருவம், கல்லோடு ஒட்டித் தட்டையாக இருக்கிற பூச்சிகள், சின்ன நத்தைகள் என்று பலதும் இருந்தால் மகிழ்ச்சியடையலாம். ஆக்சிஜன் அளக்கக் கருவி கிடைத்தால் நடுப்பகலில் அளக்காதீர்கள். பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடுவதால் எண் அழகாக இருக்கும். இரவெல்லாம் எல்லா உயிரும் சுவாசித்து முடித்த பிறகு, சூரியன் உதிக்கும் முன் அளந்தால்தான் உண்மை தெரியும். அந்த நேரத்தில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்களுக்குத் திணறல்தான்.

மக்கள் ஆற்றின் அடியைத் தரை என்று நினைக்கிறார்கள். அது கூரை. பரல் கற்களுக்குக் கீழேயும் தண்ணீர் ஓடுகிறது, மேலிருந்து இறங்கி, கற்களின் இடுக்கில் மெதுவாக நகர்ந்து, வேறொரு இடத்தில் மேலே வருகிறது. பூச்சிகளின் குஞ்சுகள் அங்கேதான் வெள்ளத்துக்கு ஒளிகின்றன, பல மீன்கள் முட்டையிடுவதும் அந்தப் பரலில்தான், தண்ணீரைச் சுத்தம் செய்கிற நுண்ணுயிர்கள் குடியிருப்பதும் அங்கேதான். கான்கிரீட் தளம் போட்டபோது இந்தக் கீழ்வீடு முழுவதும் மூடப்பட்டது. அதனால் சுவரைவிட எனக்கு அடித்தளத்தை உடைப்பதுதான் முக்கியமாகப் படுகிறது. உடைத்த இடத்தில் பல அளவுகளில் பரல் போடுங்கள், எல்லாம் ஒரே அளவாக இருந்தால் இடுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். எந்த அளவுக் கல் பெருக்கில் நிற்கும் என்பதை நீர்வழி கணக்குப் போட்டுச் சொல்வார்.

இயற்கையான ஆற்றில் மடுவும், அடுத்து ஆழமில்லாமல் கல்லில் மோதிச் சலசலக்கிற இடமும் மாறி மாறி வரும். ஒரு மடுவுக்கும் அடுத்த மடுவுக்கும் இடையே பொதுவாக ஓடுகாலின் அகலத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு தூரம் இருக்கும். உங்கள் ஓடுகால் 6 மீட்டர் என்றால் 30, 40 மீட்டருக்கு ஒரு மடு, 400 மீட்டரில் பத்துக்கு மேல். அப்பா குதித்த மடு மாதிரி ஆழமாக வருமா என்று சொல்ல முடியாது, ஆனால் மீன் வெயிலுக்கு ஒதுங்க முழங்கால் ஆழ மடு போதும். சலசலக்கிற இடத்தில் தண்ணீர் காற்றோடு கலக்கும், ஆக்சிஜன் ஏறும். ஓடுகிற தண்ணீரில் கொசு முட்டை நிலைக்காது, ஓரத்தில் தேங்குகிற கொஞ்சத்தையும் மீனும் தட்டானின் குஞ்சும் பார்த்துக்கொள்ளும். கூட்டத்தில் கொசு பற்றிக் கட்டாயம் கேட்பார்கள், இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். எல்லாவற்றையும் நீங்களே செதுக்கி முடிக்காதீர்கள். இசாரில் கரையை ஆறே அரித்துச் செதுக்கிக்கொள்ள விட்டார்கள், எல்லை மீறிப் போனால் தடுப்பதற்கு உள்ளே தள்ளி மண்ணுக்குள் கல் அரணைப் புதைத்து வைத்தார்கள், வெளியே தெரியாது. ஒரு மரம் விழுந்து கிடந்தால் பாலத்தை அடைக்காத இடம் என்றால் கிடக்கட்டும். மணல்திட்டு முளைத்தால் தூர்வார ஆள் அனுப்பாதீர்கள். முதல் இரண்டு வருடம் பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும், அதை முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

——

வெயில்நிழல்:

சியோலின் சொங்கியெசொன் ஓடையை யாரும் சொல்லவில்லையே. நகர நடுவில் மேம்பாலச் சாலையையே இடித்து, அதன் அடியில் மூடிக்கிடந்த ஓடையை 2003 முதல் 2005-க்குள் சுமார் 6 கிலோமீட்டர் திறந்தார்கள். அதுதான் பெரிய உதாரணம் இல்லையா?

——

நீர்வழி:

பார்க்க வேண்டிய இடம்தான். மேல்சாலையை எடுத்துவிட்டால் நகரம் ஸ்தம்பித்துவிடும் என்ற பயத்தை அது உடைத்தது, ஓடைப் பகுதியில் வெயில் காலத்து வெப்பம் பக்கத்துச் சாலைகளைவிடச் சில டிகிரி குறைந்தது. ஆனால் அதில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து இயந்திரம் வைத்து இறைப்பது, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,20,000 டன். மின்சாரம் நின்றால் ஓடையும் ஏறக்குறைய நின்றுவிடும். நகர மக்களுக்கு ஒரு நீர்வெளி வேண்டும் என்றால் அது வெற்றி. கரையோரம் கேட்பது ஆறு. அவரிடம் கணுக்கால் அளவானாலும் சொந்த ஓட்டம் இருக்கிறது, நிலமும் இருக்கிறது, அதனால் அவர் சியோலை நகல் எடுக்க வேண்டியதில்லை.

——

கரையோரம்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்து வாரம் கழித்து வருகிறேன், சும்மா இருக்கவில்லை.

மழையில்லாத நான்காம் நாளில் ஆறு பேர் நடந்தோம். எங்கள் துண்டிலும் அதற்கு மேலே ஒரு கிலோமீட்டரிலும் சேர்த்து 23 குழாய் வாய்கள், அதில் ஐந்தில் தண்ணீர் வந்தது. பஞ்சு கட்டினோம், மூன்று ஒளிர்ந்தன. இருட்டு அறையில் அந்த நீலத்தைப் பார்த்ததும் யாருக்கும் பேச்சு வரவில்லை, தினமும் பார்க்கிற ஆறு. வரைபடத்தோடு கொடுத்துவிட்டோம், ஒன்றை அடைத்துவிட்டார்கள், மற்ற இரண்டைத் தேடுகிறார்கள்.

தடுப்பணை படத்திலிருந்து போய்விட்டது. நடைபாதை மேல்கரைக்கு நகர்ந்துவிட்டது, விளக்கு ஒரு பக்கம் மட்டும். புல்தரையை விட்டுக்கொடுக்கச் சிலருக்கு மனமில்லை, அந்த வாக்குவாதம் இன்னும் ஓடுகிறது. எதிர்க்கரைச் சுவரைத் தொடவில்லை. சேற்றுச் சோதனை முடிவு வரவில்லை, அதனால் ஜேசிபி கிட்டே வரக்கூடாது என்று எழுதியே வாங்கிவிட்டோம்.

கீழ்வீடு கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. நாங்கள் கூப்பிட்டவர்கள் எல்லாம் எங்கள் கரைக்காரர்கள்தான். போன வாரம் கீழே உள்ள மூன்று தெருக்களுக்கும் வீடு வீடாகப் போனோம். எந்த வெள்ளத்தில் எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது என்று கேட்டால் சுவரில் கோடு காட்டுகிறார்கள், அந்தக் கோடுகளை அளந்து குறித்துக்கொண்டிருக்கிறோம், மாடல் ஓட்டுகிற பொறியாளர் இதைவிடப் பெரிய உதவி இல்லை என்கிறார். இந்த மழைக்காலம் முழுவதும் எதையும் உடைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். எங்கள் பாலத்தின் தூணில் அளவுக்கோடு வரைந்து, மழை வரும்போதெல்லாம் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கப் போகிறோம், எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று. 60 மீட்டர் சோதனை நடவுக்கு ஒரு ஓரத்தைப் பிரித்தாகிவிட்டது.

——

கீழ்வீடு:

வீடு வீடாகப் போனதற்கு நன்றி. இப்படி யாரும் எங்களிடம் வந்து கேட்டதில்லை.

ஒரு விஷயம். உங்கள் பாலத்தில் மட்டும் அளவுக்கோடு வைத்தால் பாதிதான் தெரியும். கீழே ஒடுங்கலான பாலம் இருந்தால் அதன் தூணிலும் ஒன்று வரையுங்கள், ஆனால் இரண்டுக்கும் பூஜ்யம் ஒரே மட்டத்திலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. லெவல் கருவி வைத்திருக்கிற யாரையாவது ஒரு காலை நேரம் வரச் சொன்னால் முடிந்துவிடும். இரவு மழையில் கீழ்ப்பாலத்தில் நின்று படம் எடுக்க அந்த மூன்று தெருக்காரர்களையே கேளுங்கள். எங்களை மாதிரி ஆட்கள் அந்த நேரத்தில் எப்படியும் விழித்துத்தான் இருப்போம்.